தள்ளிய மண்

விடியற்காலையில் வாசல் பெருக்கும்போது இரண்டு வீட்டுப் பெண்களுக்குள் எழும் சண்டையைக் கேட்காத தெரு நம் நாட்டில் இருக்க முடியாது. "உன் வாசல் குப்பை என் வாசலுக்கு எப்படி வந்தது?" என்று ஒருத்தி கேட்பாள். "காற்றடித்து வந்திருக்கும்" என்று மற்றவள் சொல்வாள். காற்றின்மீது பழியைப் போட்டுவிட்டால் சண்டை அன்றைக்கு அத்தோடு தீர்ந்தது. மறுநாள் காலையில் விளக்குமாறு மீண்டும் தெருவுக்கு வரும், சண்டையும் கூடவே வரும்.

இதைச் சிரிப்புக்குரிய விஷயமாகத்தான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கதைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதற்குள் ஒரு பெரிய தர்மப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. பெருக்குவது நல்ல காரியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பெருக்குவதால் குப்பை அழிவதில்லை. இருந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். என் இடம் சுத்தமாகும் அதே கணத்தில் வேறோர் இடம் அசுத்தமாகிறது. அப்படியானால் நான் செய்தது நன்மையா, அல்லது தீமையை இடம் மாற்றி வைத்ததா?

விளக்குமாற்றின் அளவில் இந்தக் கேள்வி சிறியது. அதே கேள்வி இரும்புத் தகடாக உருவெடுத்து டிராக்டருக்குப் பின்னால் வந்து நின்றபோதுதான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்ததோடு போகாமல் உள்நாட்டில் தங்கி மழையைக் கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணையில் இறங்கி, செங்கத்துக்கு அருகே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணைக்கு வந்து சேர்ந்தது. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 119 அடி. டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன் அணையிலிருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. திருக்கோவிலூர் அந்த ஆற்றின் தென்கரையில் இருக்கிறது, எதிர்க்கரையில் அரகண்டநல்லூர். ஆறு இரண்டு ஊர்களுக்கும் பொது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் அதில் சேர்ந்தது. அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே நின்றுவிட்டது. வெள்ளத்துக்கு இந்தப் பிரிவினையெல்லாம் தெரியாது.

தண்ணீர் வடிந்த பிறகு நான் அங்கே போயிருந்தேன். கரையை ஒட்டிய தாழ்ந்த தெரு ஒன்றில் என் உறவினர் குடியிருக்கிறார். வெள்ளம் என்றால் தண்ணீர் என்றுதான் நாம் நினைக்கிறோம். தண்ணீர் விருந்தாளி மாதிரி. வந்த வேகத்தில் போய்விடும். அது விட்டுப் போகும் சேறுதான் வீட்டோடு தங்கிவிடும் உறவு. திண்ணையில், கூடத்தில், அடுப்படியில், அரிசிப் பானைக்குள் எங்கும் முழங்கால் அளவு சேறு. தெரு எது, சாக்கடை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே பழுப்பாகக் கிடந்தது. மண்வெட்டியால் அள்ளி அள்ளி ஆண்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

அப்போதுதான் அந்தத் தெருவுக்கு ஒரு பிள்ளையாண்டான் தன் சிறிய டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தான். கரும்புக் கொல்லையில் மண் அணைப்பதற்காக அவன் வாங்கி வைத்திருந்த வண்டி அது. அதன் பின்புறத்தில் புதிதாக ஒரு தகடு மாட்டியிருந்தது. முந்தின நாள் வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து இரவோடு இரவாகச் செய்து முடித்தானாம்.

தகட்டை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சாலை போடுகிறவர்கள் எறிந்துவிட்டுப் போன தார் டிரம் ஒன்றை நீளவாக்கில் பிளந்திருந்தார்கள். பட்டைத் தகடாக இருந்தால் சேறு அதன்மேல் ஏறி மறுபக்கம் வழிந்துவிடும். டிரம்மின் வளைவு இருந்தால் சேறு சுருண்டு சுருண்டு முன்னாலேயே உருளும். இந்த நுட்பம் அந்தப் பட்டறைக்காரருக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததோ தெரியாது. மெல்லிய தகடு நெளியாமல் இருக்க முதுகில் ஆங்கிள் இரும்புகளை வைத்துப் பற்றவைத்திருந்தார். தரையில் உரசும் விளிம்புக்கு லாரியின் பழைய வில்லுப் பட்டையை போல்ட்டால் முடுக்கியிருந்தார். தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். ஏர்க் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் கைகள் டிராக்டரின் பின்னால்தான் இருக்கின்றன. ஆகவே தகடும் பின்னால்தான் பூட்டப்பட்டது. சேற்றைத் தள்ள வேண்டுமென்றால் வண்டியைப் பின்னோக்கி ஓட்டவேண்டும். அந்தப் பிள்ளை கழுத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னால் பார்த்தபடியே, தெரு முழுவதும் நாள் முழுக்க ஓட்டினான். காசு வாங்கவில்லை. டீசல்கூடத் தன்னுடையது என்று சொல்லிவிட்டான்.

மாலைக்குள் தெரு தெருவாகிவிட்டது. எல்லோரும் அவனை வாழ்த்தினார்கள். ஒரு வீட்டில் காப்பி, இன்னொரு வீட்டில் சாப்பாடு. அவனும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

தெருவின் கோடியில் ஓர் ஓட்டு வீடு. அதில் ஒரு கிழவி தனியாக இருக்கிறாள். தெரு அங்கே கொஞ்சம் சரிந்து இறங்குகிறது. சாக்கடையும் அவள் வீட்டு ஓரமாகத்தான் வெளியே போகிறது. இருபது வீட்டுச் சேறும் அந்தக் கோடிக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. இடுப்பளவு மேடு. சாக்கடை அடைத்துக்கொண்டது. அன்றிரவு பெய்தது பெரிய மழையல்ல, ஒரு தூறல்தான். ஆனால் போக வழியில்லாத தண்ணீர், அவள் இரண்டு நாளாகக் கழுவிச் சுத்தம் செய்து வைத்திருந்த வீட்டுக்குள் திரும்பவும் புகுந்துவிட்டது.

காலையில் அவள் சத்தம் போடவில்லை. வாசலில் உட்கார்ந்துகொண்டு, "ஆத்துத் தண்ணி வந்தப்பகூட எல்லார் வூட்டுக்கும்தான் வந்துச்சு. இது எனக்கு மட்டும் வந்த தண்ணி" என்றாள். 

அந்த வாக்கியத்தைக் கேட்ட நாள் முதல் என்னால் அதை உதற முடியவில்லை. வெள்ளத்தில் ஒரு சமத்துவம் இருந்தது. நிவாரணத்தில் அது போய்விட்டது. இயற்கை செய்ததைப் பொறுத்துக்கொண்டவளுக்கு, மனிதர் செய்த உதவியைப் பொறுக்க முடியவில்லை.

இதில் யார் குற்றவாளி? டிராக்டர்காரனா? கூலி வாங்காமல் உழைத்தவன் அவன். பட்டறைக்காரரா? கேட்டதைச் செய்து கொடுத்தார். தெருக்காரர்களா? தங்கள் வாசலில் சேறு போனதே என்று சந்தோஷப்பட்டார்கள், சந்தோஷப்படுவது குற்றமா? ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி விசாரித்தால் ஒவ்வொருவரும் நல்லவர். நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கிழவியின் வீட்டில் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். தீயவர்கள் செய்யும் தீமையை அறிந்துகொள்ள நமக்குப் புராணங்கள் உண்டு. நல்லவர்கள் செய்யும் தீமையைத்தான் அடையாளம் காண்பது கஷ்டமாக இருக்கிறது.

என் அக்காள் மகன் ஒருவன் கனடாவில், டொராண்டோவைத் தாண்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறான். இந்தச் சம்பவத்தைத் தொலைபேசியில் அவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "மாமா, இங்கேயும் இதே கதைதான். சேற்றுக்குப் பதில் பனி" என்றான்.

கோடையில் புல் வெட்டும் சிறு தோட்ட டிராக்டருக்கு, குளிர்காலம் வந்தால் முன்னால் ஒரு தகட்டை மாட்டிக்கொள்கிறார்களாம். கடையில் விற்பதை வாங்க வசதியில்லாதவர்களும், வசதி இருந்தும் கை சும்மா இராதவர்களும், பழைய டிரம்மையோ இரும்புத் தொட்டியையோ வளைவாக வெட்டித் தாங்களே செய்துகொள்கிறார்கள். சக்கரம் வழுக்காமல் இருக்கச் சங்கிலி சுற்றுவார்கள். வண்டி நிலைகொள்ளப் பின்னால் பாரம் ஏற்றுவார்கள். திருக்கோவிலூர்ப் பட்டறைக்காரரும் அந்த ஊர்க் கைவேலைக்காரரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனாலும் ஒரே டிரம்மை ஒரே மாதிரி பிளக்கிறார்கள். மனிதனுடைய மூளை எந்தச் சீதோஷ்ணத்திலும் ஒரே வழியில்தான் ஓடுகிறது போலும்.

அவன் சொன்ன இரண்டு செய்திகள் என் மனத்தில் தங்கின. ஒன்று, டொராண்டோவில் தன் வீட்டுப் பனியைப் பொதுத் தெருவில் தள்ளிவிடுவது சட்டப்படி தவறு. அதாவது விளக்குமாற்றுச் சண்டையைத் தீர்க்க அங்கே நகரசபை சட்டமே செய்திருக்கிறது. ஆனால் நகரசபையின் பனி வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போகும்போது, தெரு ஓரமாக ஒரு பனி வரப்பு உண்டாகி, அவரவர் வீட்டு வண்டிப்பாதையின் வாயை அடைத்துவிடும். தெருவுக்கு நன்மை, வீட்டுக்குத் தொல்லை. சட்டம் செய்தவரும் தள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது செய்தி தகட்டைப் பற்றியது. நல்ல பனித் தகட்டில் ஒரு வில் பொருத்தியிருப்பார்களாம். பனிக்கு அடியில் மறைந்திருக்கும் கல்லோ, நடைபாதை விளிம்போ தட்டுப்பட்டால், தகடு முரட்டுத்தனமாக மோதாமல் சற்று மடங்கிக் கொடுக்கும். தடையைத் தாண்டியதும் வில் அதைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும். வீட்டில் செய்துகொள்ளும் தகடுகளில் பலர் இந்த வில்லை விட்டுவிடுகிறார்கள். தள்ளுவதற்கு அது தேவையில்லை அல்லவா? எங்கே தள்ளக் கூடாது என்பதற்குத்தான் அது தேவை.

பனிக்கும் சேற்றுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பனியை எங்கே குவித்தாலும் வசந்தம் வந்தால் வெயில் அதைத் தீர்த்துவைக்கும். அங்கே ஒருவன் அடுத்தவனுக்குச் செய்யும் தொல்லை நாலைந்து மாதத்துத் தொல்லை. சேறு உருகாது. நாம் நகர்த்தி வைத்த இடத்தில் அது காய்ந்து மேடாகி, அடுத்த மழையின் போக்கையே மாற்றிவிடும். நம்முடைய பெரும்பாலான தீமைகள் சேற்று ஜாதியைச் சேர்ந்தவை. காலம் அவற்றைக் கரைப்பதில்லை.

இப்படியெல்லாம் சொன்னால், "அப்படியானால் சேற்றை வாரவே கூடாதா? வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணுவதா?" என்று வாசகர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாத்தனூர் அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த தண்ணீரைத் திறந்துவிடாமல் தேக்கியிருந்தால் அணைக்கே ஆபத்து வந்திருக்கும். அணை உடைந்தால் வரும் வெள்ளத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆகவே திறந்தாகவேண்டும். ஆனால் தண்ணீரைக் கீழே அனுப்புகிறவருக்குக் கீழே இருப்பவரிடம் ஒரு கடன் உண்டு. அதற்குத்தான் எச்சரிக்கை என்று பெயர். அந்த எச்சரிக்கை உரிய நேரத்தில், உரிய அளவில் கொடுக்கப்பட்டதா என்பது அந்த மாதமே சட்டசபையில் பெரிய விவாதமாயிற்று. கொடுத்தோம் என்றது ஒரு தரப்பு. போதவில்லை என்றது இன்னொரு தரப்பு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் 'கடன் உண்டு' என்பதை இரண்டு தரப்பும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தள்ளுவதில் அவசியம் இருக்கலாம். அவசியம் இருப்பதால் கடன் ரத்தாகிவிடாது.

ஆகவே தள்ளலாமா, கூடாதா என்பதல்ல கேள்வி. எந்த எல்லைக்குள் தள்ளுகிறோம் என்பதே கேள்வி.

இந்தத் தகட்டுக்கு நம் ஊரில் ஒரு மூதாதை உண்டு. பரம்பு. நாற்று நடுவதற்கு முன் சேற்று வயலில் மாடுகளைக் கொண்டு பலகையை இழுத்துப் பரம்படிப்பார்கள். அதுவும் மண்ணைத் தள்ளும் காரியம்தான். மேட்டில் இருக்கும் மண் பள்ளத்துக்குப் போகும். ஆனால் பரம்படிப்பதால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏனென்றால் மேடும் பள்ளமும் ஒரே வயலுக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே சொந்தக்காரன். மேட்டில் எடுத்ததைப் பள்ளத்தில் போடும்போது அவன் எதையும் இழப்பதில்லை. வயல் சமனாகிறது, தண்ணீர் எங்கும் ஒரே மட்டமாக நிற்கிறது. அதே மண்ணை வரப்பைத் தாண்டி அடுத்தவன் வயலில் தள்ளினால் அதற்குப் பெயர் பரம்படிப்பது அல்ல, வம்பு. வித்தியாசம் பலகையில் இல்லை, மண்ணிலும் இல்லை. வரப்பு எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது.

அந்தத் தெருவில் அன்றைக்கு ஒவ்வொருவர் மனத்திலும் வரப்பு அவரவர் வாசற்படியில் இருந்தது. கடைசி வீடு எல்லோருடைய வரப்புக்கும் வெளியே போய்விட்டது. அவளிடம் டிராக்டர் இல்லை. மேலே தள்ளிவிட அடுத்த வீடும் இல்லை. உலகத்தில் தள்ளப்படுகிற எல்லாமே இப்படித்தான் கடைசியில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்கின்றன. பட்டணத்துக் குப்பை பட்டணத்துக்கு வெளியே இருக்கும் கிராமத்துக்கு. ஆலைக் கழிவு ஆற்றின் கீழ்க்கோடிக்கு. ஒரு குடும்பத்தின் கஷ்டம் அந்தக் குடும்பத்திலேயே வாய் திறக்காத ஒருத்தியின் தலைக்கு. தள்ளிக்கொண்டே போகிறவர்களில் யாரும் அந்தக் கடைசி வீட்டைப் பார்த்திருப்பதில்லை.

திருக்கோவிலூரில் உட்கார்ந்து இதை யோசிக்கும்போது அந்த ஊரின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. மழை இருட்டில் ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு பேயாழ்வார் வந்தார். மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றார்கள். அதன் பிறகு நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினார் என்பதும், அந்த நெருக்கத்தில் அவர் யாரென்று தெரிந்தது என்பதும் பக்தர்கள் அறிந்த கதை. எனக்கு அந்த நாலாவது ஆளைவிட முதல் மூவர்மீதுதான் கண். இடம் போதவில்லை என்றபோது அவர்கள் யாரையும் வெளியே தள்ளவில்லை; ஒவ்வொருவரும் தன் சுகத்தைத்தான் ஒரு படி குறைத்துக்கொண்டார். படுத்தவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் நின்றார்.

சேறு விருந்தாளி அல்ல, எழுந்து இடம் கொடுக்க, என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். ஆனால் சேற்றால் வரும் கஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலில் ஒரு கூடைச் சேற்றை இரண்டு நாள் அதிகம் பொறுத்துக்கொண்டிருந்தால், கோடியில் அந்த மேடு எழும்பியிருக்காது. முழுச் சுகம் இருபது பேருக்கும், முழுக் கஷ்டம் ஒருத்திக்கும் என்று பிரித்துக் கொடுத்த கணக்கு அது. அந்தக் கணக்கை யாரும் வேண்டுமென்று போடவில்லை. தகடு போட்டுக் கொடுத்தது. கருவிகளிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டால் அவை எப்போதும் பள்ளத்தை நோக்கித்தான் தள்ளும்.

அந்தத் தெருவில் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கிழவி சொன்னதை யாரோ போய் அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் டிராக்டரோடு வந்தான். தகட்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு டிரெய்லரைப் பூட்டினான். "தள்ளினா இங்கதான் வரும். அள்ளிக்கிட்டுத்தான் போவணும்" என்றான். தள்ளுவது ஒரு நாள் வேலை. அள்ளுவது நான்கு நாள் வேலை. ஆளும் வேண்டும், டீசலும் வேண்டும். இந்த முறை அவன் சும்மா செய்வதாகச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வீட்டுக்கு இவ்வளவு என்று தெருவில் வசூல் செய்தார்கள். சில வீடுகளில் உடனே கொடுத்தார்கள். "எங்க வாசல்ல ஒண்ணுமில்லையே, நாங்க எதுக்குக் குடுக்கணும்?" என்று இரண்டு மூன்று வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். நேற்று அவனுக்குச் சாப்பாடு போட்ட வீடும் அதில் ஒன்று.

அள்ளிய மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அடுத்த கேள்வி வந்தது. ஊருக்கு வெளியே ஒருவர் தன் பள்ளக் கொல்லையை மேடாக்க வேண்டுமென்று நெடுநாளாக எண்ணிக்கொண்டிருந்தாராம். "வண்டல்னா கொண்டாங்க, மணல்னா வேணாம்" என்றார். ஏரி வண்டலை வண்டி கட்டிக்கொண்டு போய் வயலில் கொட்டுவது நம் குடியானவர்களின் பழைய வழக்கம்தானே? வீட்டுக்குள் இருந்தால் சேறு, கொல்லையில் இருந்தால் வண்டல். கேட்காமல் கொட்டினால் குப்பை, கேட்டுக் கொட்டினால் எரு. அவர் வந்து ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, சில நடைகளை ஏற்றுக்கொண்டார். மணல் கலந்த நடைகளை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். அந்த மணலுக்கு வேறு இடம் தேட இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

நான் ஊருக்குத் திரும்பும்போது தகடு பட்டறை வாசலில் கிடந்தது. அடுத்த மழைக்கு வேண்டியிருக்கும் என்று பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கிறானாம். வேண்டித்தான் இருக்கும், பெண்ணையாறு மீண்டும் வராமலிருக்காது, அணையும் மீண்டும் திறக்காமலிருக்காது. தகடு செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அதைப் பூட்டுவதற்கு முன் யாராவது ஒருவர் தெருவின் கோடிவரை நடந்துபோய், கடைசி வீட்டுக் கதவைத் தட்டி, "பெரியம்மா, இந்தப் பக்கம் தள்ளலாமா?" என்று கேட்டுவிட்டு வரவேண்டும். அவள் 'வேண்டாம்' என்றால் அன்றைக்கு டிரெய்லரைப் பூட்டவேண்டும். நான்கு நாள் வேலையை ஒரு நாளில் முடித்ததாகப் பெருமைப்படுகிற நமக்கு, மீதி மூன்று நாள் யார் கணக்கில் எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டு வர அந்த நடை போதும். தெரு அப்படியொன்றும் நீளமானது அல்ல.